தெரியாத நாய் முரட்டுத்தனமாக விளையாடினால் எதைப் பார்ப்பது? எப்போது தடுப்பது?

பொன்னி_வீடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பொன்னி நாட்டு நாய். மூன்று வயதுப் பெண், பதினாறு கிலோ எடை. சென்னையில் கொட்டிவாக்கத்துக்கும் பாலவாக்கத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் விடிவதற்கு முன் நடக்கிறோம். வலை இழுப்பவர்களைத் தவிர அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதால் சிறிது நேரம் கயிற்றை அவிழ்த்துவிடுவேன்.

அண்மையில் ஒருவர் பாக்ஸர் நாயோடு வரத் தொடங்கியிருக்கிறார். ஆண் நாய், இளவயது, முப்பது கிலோவுக்குக் குறையாது. அவரும் தூரத்திலேயே அவிழ்த்துவிடுகிறார். அது நேராக ஓடிவந்து பொன்னியின் மேல் மார்பால் மோதுகிறது. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்கள் இரண்டாலும் அவள் முதுகில் குத்துகிறது. கழுத்துத் தோலை வாயால் பற்றி இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கிலிருந்து ஓயாமல் ஒரு கொர் சத்தம்.

பொன்னி ஓடுவாள். அது துரத்தும். தண்ணீர் ஓரத்தில் அவள் மல்லாந்து விழுந்து அதன் முகத்தைக் காலால் தள்ளுவாள். பிறகு எழுந்து வந்து என் முழங்காலுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். பயந்துவிட்டாள் என்று நான் கயிற்றை எடுப்பதற்குள், மறுபடியும் அவளாகவே பாய்ந்து ஓடுவாள். இதுதான் எனக்குப் புரியவில்லை. இதுவரை காயம் இல்லை. ஒரே ஒருமுறை ‘கீச்’ என்று கத்தினாள்.

நாயின் உரிமையாளர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். “ஒன்றும் செய்யமாட்டான், விளையாடுகிறான்” என்கிறார். அவர் நாயை அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே! முன்பின் அறியாத நாயிடம் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கடலோரவாசி

அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் வளர்ப்பு நாயைக் கயிற்றில்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது மாநகராட்சியின் விதி. உரிமமும் தடுப்பூசிச் சான்றும் இருக்க வேண்டும். நாயால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவருடைய நாய்க்கு மட்டுமல்ல, உங்கள் பொன்னிக்கும் இது பொருந்தும்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய பிறகு இந்த ஊரில் பெரிய நாயைப் பார்த்தாலே மக்கள் பதறுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதிகாலைக் கடற்கரையிலும் நடக்க வருகிற முதியவர் இருப்பார்.

ஈரமணல்

கடலோரவாசி சொன்னது சரி. எனினும் கயிற்றில் பிடித்திருக்கும்போதும் இரண்டு நாய்கள் சந்திக்கத்தான் செய்யும். சுற்றுச்சுவர் உள்ள காலி மனையிலும், வேலி போட்ட நாய்ப் பூங்காவிலும், நண்பர் வீட்டு மொட்டைமாடியிலும் இதே கேள்வி எழும். அதனால் கேள்விக்கு வருகிறேன். நாய்ப் பயிற்சிதான் என் தொழில்.

சத்தத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். விளையாட்டில் உறுமுவது மிகவும் சாதாரணம். பாக்ஸருக்கு மூஞ்சி குட்டையானது. ஓடினாலே கொர் என்றுதான் மூச்சு வரும். அது உறுமல்கூட இல்லை.

வாலும் இங்கே கைகொடுக்காது. பல பாக்ஸர்களுக்குக் குட்டியிலேயே வாலை வெட்டிவிடுகிறார்கள். வால் இல்லாத நாய் சொல்வதில் பாதி மற்ற நாய்க்கே எட்டுவதில்லை, நமக்கு எப்படி எட்டும்? ஆகவே முழு உடம்பையும் பாருங்கள். விளையாடும் நாயின் உடம்பில் ஒரு தளர்ச்சி இருக்கும். இடுப்பு வளையும், ஓட்டத்தில் தேவையில்லாத துள்ளல் இருக்கும், வாய் தொங்கலாகத் திறந்திருக்கும், நேராகப் பாயாமல் வளைந்து வரும். முன்னங்கால்களை மணலில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இனி நான் செய்வதெல்லாம் விளையாட்டு’ என்று நாய்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை அது.

இதற்கு நேர்மாறானது விறைப்பு. வாய் மூடிக்கொள்ளும். எடை முன்னங்கால்களுக்குப் போகும். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். ஒரு நொடி, ஒன்றரை நொடி, உடம்பு சிலைபோல் நின்றுவிடும். நான் பயப்படுவது அந்த அமைதிக்குத்தான். கடி வருவதானால் பெரும்பாலும் அதை அடுத்தே வரும். முதுகு மயிர் சிலிர்ப்பது வேறு. அது கிளர்ச்சியைக் காட்டுகிறது, அவ்வளவே. மகிழ்ச்சியிலும் சிலிர்க்கும், அச்சத்திலும் சிலிர்க்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இனி முக்கியமானது. முரட்டு நாயையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கீழே கிடக்கிற நாயைப் பாருங்கள். பத்து நொடி, இருபது நொடிக்கு ஒருமுறை விளையாட்டு தானாக நிற்கிறதா? இரண்டும் உடம்பை உதறிக்கொள்கின்றனவா? நின்ற பிறகு மறுபடி தொடங்கி வைப்பது யார்? ஒவ்வொரு முறையும் பாக்ஸர் மட்டுமே என்றால் அங்கே நடப்பது விளையாட்டல்ல, தொந்தரவு.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பாக்ஸரை அதன் உரிமையாளர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பொன்னியை அழைக்காமல், தடுக்காமல் சும்மா நில்லுங்கள். அவள் அதனிடம் திரும்பிப் போய் ‘வா’ என்று குனிந்தால் அவளுக்கு இது பிடித்திருக்கிறது. விலகிப் போய் மணலை முகர்ந்தாலோ, உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டாலோ பதில் கிடைத்துவிட்டது. எல்லாம் அரை நிமிட வேலை.

மயிலைத்_தாத்தா

இத்தனை ஆராய்ச்சி தேவையா? நாய்கள் தமக்குள் தாமே தீர்த்துக்கொள்ளும். மனிதன் குறுக்கே போனால்தான் சண்டை பெரிதாகும். எங்கள் தெருவில் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஈரமணல்

ஐயா, தெரு நாய்களைப் பற்றி நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அவை ஒரே தெருவில் பிறந்து, ஒன்றையொன்று அறிந்து, பிடிக்காவிட்டால் விலகிப் போக இடமும் உள்ளவை. பொன்னி முன்பின் தெரியாத, தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள நாயிடம் மாட்டியிருக்கிறாள். அவள் ‘வேண்டாம்’ என்று பலமுறை சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை பல்லைக் காட்டித்தான் சொல்வாள். சாதுவான நாய் ‘திடீரென்று’ கடித்தது என்று என்னிடம் வருகிறவர்களின் கதை பலவற்றில் இதுதான் முன்கதை. தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் சிறிய நாய் கற்றுக்கொள்வது, தன் ஆள் தனக்கு உதவமாட்டார் என்பதைத்தான்.

சிப்பிப்பாறை_சீனி

விருதுநகர்ப் பக்கத்துக்காரன், இப்போது பெருங்குடியில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இந்த இனத்துக்கு விளையாட்டு என்றால் ஓட்டம்தான். துரத்தவிடும், துரத்தும், வளைந்து திரும்பும். மேலே விழுந்து கட்டிப்புரளும் நாயைக் கண்டால் எங்கள் நாய் எரிச்சலில் பல்லைக் காட்டும். நாட்டு நாய்கள் பலவும் இப்படித்தான். பாக்ஸரோ காலால் குத்தி, மார்பால் மோதி விளையாடுவது. ஒன்று ஓட்டப்பந்தயத்துக்கு வருகிறது, மற்றது மல்யுத்தத்துக்கு வருகிறது. எந்த நாயும் கெட்டதில்லை, ஆட்டம்தான் வேறு வேறு. பொன்னி எதற்கு ஓடுகிறாள் என்று பாருங்கள். துரத்து என்று ஓடுகிறாளா, தப்பிக்க ஓடுகிறாளா? துரத்து என்று ஓடுகிற நாய் இடையிடையே திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். தப்பிக்க ஓடுவது வாலை ஒடுக்கி, முதுகைக் கூனி, நேரே சுவரையோ ஆளையோ தேடி ஓடும்.

பொன்னி_வீடு

மிக்க நன்றி. சீனி அண்ணா கேட்டதை இன்று கவனித்தேன். தண்ணீர் ஓரமாக ஓடும்போது திரும்பிப் பார்க்கிறாள், வேகத்தையும் குறைக்கிறாள். ஆனால் அது எட்டிப் பிடித்து மேலே ஏறியதும் ஆள் மாறிவிடுகிறாள். காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறாள், கண்ணின் வெள்ளை தெரிகிறது.

மல்லாந்து படுப்பது எதற்காக? அடிபணிகிறாள் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள்.

அடையாறு_ஆலமரம்

எப்போதும் அடிபணிவது ஆகாது. 2015-இல் நார்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதையேதான் ஆராய்ந்தது. விளையாட்டில் மல்லாந்த நாய்கள், பிடரிக் கடியைத் தவிர்க்கவோ, கீழிருந்தபடியே திருப்பிக் கடிக்கவோதான் பெரும்பாலும் அப்படிச் செய்தன. பணிந்துபோவதற்காக அல்ல. பொன்னி கீழே கிடந்தபடி அதன் முகத்தைக் காலால் தள்ளுவதும் அந்த வகையாக இருக்கலாம். மல்லாந்து, வாலை வயிற்றோடு ஒடுக்கி, அசையாமல் கிடந்தால் அது வேறு.

இன்னொன்று. ‘ஒருமுறை நீ மேலே, ஒருமுறை நான் மேலே’ என்று சரிபாதியாக இருந்தால்தான் நல்ல விளையாட்டு என்று இங்கே பலரும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பாயர், ஸ்மட்ஸ் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சரிபாதி இல்லாமலும் நாய்கள் நன்றாக விளையாடின. துரத்துவதிலும் தள்ளி வீழ்த்துவதிலும் நாய்கள் இடம் மாறிக்கொண்டன. மேலே ஏறுவதிலும் மூஞ்சியைக் கடிப்பதிலும் மாறிக்கொள்ளவில்லை. எனவே கணக்குப் பார்க்க வேண்டாம். ஈரமணல் சொன்னதுபோல், தொடர விருப்பமா என்பதே கேள்வி.

குனிந்து நிற்பதைப் பற்றியும் ஒரு வரி. விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995-இல் எழுதியதை நாய் வளர்ப்பவர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தலையை உலுக்கிக் கடிப்பது போன்ற, தவறாக எடுத்துக்கொள்ளத்தக்க செயலுக்கு முன்னோ பின்னோதான் நாய்கள் அதிகமாகக் குனிந்து காட்டுகின்றன. கடியின் முரட்டுத்தனத்துக்கு அங்கேயே விளக்கம் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பாக்ஸர் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டு என்ன செய்கிறது? குனிகிறதா, அப்படியே தொடர்கிறதா?

பாக்ஸர்_வளர்ப்பவள்

எங்கள் வீட்டிலும் பாக்ஸர் இருக்கிறது. அந்த நாய்க்காகக் கொஞ்சம் பேச வேண்டும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் பாக்ஸர் உடம்பால் பெரியது, மனத்தால் குட்டி. காலால் குத்துவது அதன் பிறவிப் பழக்கம். வீட்டில் எங்களையும் குத்தும், கதவையும் குத்தும். தன் எடை மற்ற நாய்க்கு வலிக்கும் என்பதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல நாய்கள் தாமாகவே அடக்கிக்கொள்ளும். சிறிய நாய்க்கு முன் படுத்துக்கொண்டு விளையாடும், வாயை மெல்ல வைக்கும். இது தானாக வராவிட்டால் கற்பிப்பது வளர்ப்பவரின் கடமை.

ஆகவே நிறுத்த வேண்டியவர் அவர்தான், பொன்னியின் அம்மா அல்ல. பெரிய நாயை வளர்ப்பவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன். “விளையாடுகிறான்” என்று தூரத்தில் நின்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆட்டத்தின் நடுவில் ஒரு குரலில் நாய் நம்மிடம் வர வேண்டும். வராத நாயை அவிழ்க்கவே கூடாது. வரப் பழகும்வரை பத்து மீட்டர் நீளக் கயிறு, அதுவும் ஹார்னஸில், அதாவது மார்பைச் சுற்றிப் போடும் வாரில், கட்டியது. கழுத்துப்பட்டையில் நீளக் கயிற்றைக் கட்டினால் வேகமாக ஓடி இழுபடும்போது கழுத்து அடிபடும்.

விளையாட்டு நடக்கும்போதே, சூடு ஏறுவதற்கு முன், நாங்கள் அடிக்கடி அழைப்போம். வந்தால் ஒரு துண்டு கோழி ஈரல், பிறகு ‘போ’ என்று விடுவோம். வந்தால் ஆட்டம் முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிந்த பிறகுதான் வரத் தொடங்கியது. மேலும் குட்டை மூஞ்சி நாய்க்கு நம் ஊர்ப் புழுக்கம் ஆபத்து. காலை ஏழு மணிக்கே இளைப்பு அடங்காது. கத்திரி வெயில் நாட்களில் நீண்ட ஆட்டமே வேண்டாம்.

வேப்பேரி_மாணவி

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். காயம் பற்றி மட்டும்.

கழுத்தைப் பிடித்து விளையாடும் நாய்களுக்குக் கழுத்துப்பட்டை இல்லாமல் இருப்பது நல்லது. ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டையில் சிக்கி, இரண்டும் பதறி முறுக்கிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும். வேலி போட்ட இடமானால் கழற்றிவிடுங்கள். கடற்கரையில் அடையாளம் இல்லாமல் விடவும் முடியாது என்பதால் ஹார்னஸ்.

நாயின் கடி வெளியே சிறு துளையாகத் தெரியும். உள்ளே தோலுக்கும் சதைக்கும் இடையில் கிழிந்திருக்கும், இரண்டு நாளில் சீழ் கட்டும். மயிரை விலக்கி, விரலால் தடவிப் பாருங்கள். துளை சிறியதென்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரிக்கப் போய் உங்களைக் கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக விட்டுவிடக் கூடாது.

மயிலைத்_தாத்தா

சரியம்மா, பிரிப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே.

ஈரமணல்

விளையாட்டை நிறுத்துவதானால்: கத்தாமல், நாய்களுக்கு நடுவே உங்கள் உடம்பைக் கொடுத்து நடந்து செல்லுங்கள். கையை நீட்ட வேண்டாம். உங்கள் நாயோடு நில்லாமல் வேறு பக்கம் நடந்துகொண்டே இருங்கள். நின்றால் ஆட்டம் உங்களைச் சுற்றித் தொடரும்.

உண்மையான சண்டையானால்: கழுத்துக்கு அருகில் கை போகவே கூடாது. முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலை முகத்தில் ஊற்றினால் பல சண்டைகள் நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒரு நாய் கவ்விக்கொண்டிருக்கும்போது இழுக்காதீர்கள், சதை கிழியும். தனியாக இருந்தால் இதை முயல வேண்டாம்.

பொன்னி_வீடு

அவரிடம் பேசினேன். தயக்கமாகத்தான் தொடங்கினேன், ஆனால் மனிதர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த நாய் முந்தைய வீட்டில் மாடியிலேயே வளர்ந்ததாம், மற்ற நாய்களோடு பழக்கமே இல்லையாம். தத்தெடுத்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன என்றார்.

பிடித்து வைத்துப் பார்த்தோம். பொன்னி நாலடி தள்ளி நின்று உடம்பை உதறினாள். பிறகு அதன் பக்கம் பாதி தூரம் போனாள், மணலை முகர்ந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், என் பக்கம் வந்துவிட்டாள். மீண்டும் விட்டுப் பிடித்தபோது ஓட்டத்துக்குப் பின் நிறுத்தினோம், அதை அவள்மேல் ஏற விடவில்லை. இம்முறை அவளே நேராகப் போய் அதன் முன்னால் குனிந்தாள்! ஓட்டம் பிடித்திருக்கிறது, மேலே விழுவது பிடிக்கவில்லை. சீனி அண்ணா சொன்னது அப்படியே.

ஆலமரம் கேட்டதையும் பார்த்தேன். கழுத்தை இழுத்த பிறகு அது குனிவதில்லை, நிறுத்துவதும் இல்லை. பொன்னி முகத்தைத் திருப்பினாலும் அதற்குப் புரியவில்லை.

ஈரமணல்

அப்படியானால் அதன் மனத்தில் பகை இல்லை. மற்ற நாய் சொல்வதைப் படிக்கத் தெரியவில்லை. குட்டிப் பருவத்தில் பிற நாய்களோடு புரண்டு வளராத நாய்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். முதலில் இரண்டையும் கயிற்றில் வைத்து, பத்தடி இடைவெளியில், ஒரே திசையில் பக்கவாட்டில் நடத்துங்கள். முகத்துக்கு முகம் சந்திக்க விடாதீர்கள். நடந்து களைத்த பிறகு, நீளக் கயிற்றில் சிறு ஓட்டம். அது எட்டிப் பிடிக்கும் முன் அவர் அழைக்க வேண்டும். பொன்னி முகத்தைத் திருப்பிய நொடியில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அவள் சொல்வதை அது கவனிக்கத் தொடங்கும்வரை கயிறு தரையில் இழுபடட்டும்.

கடலோரவாசி

இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றிவருகிறார்கள். நாய் தோண்டினால் ஒரு கூடு முழுதும் போய்விடும், நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அந்த மாதங்களிலாவது கடற்கரையில் கயிறு கையை விட்டு நழுவக் கூடாது. போதாக்குறைக்கு மீன்பிடித் தூண்டில் முள்ளும் வலைத் துண்டும் வேறு கிடக்கின்றன.

பொன்னி_வீடு

ஆமைகளைப் பற்றி நினைவூட்டியதற்கு நன்றி. பாலவாக்கத்தில் அவருடைய உறவினரின் சுற்றுச்சுவர் உள்ள மனை ஒன்று காலியாக இருக்கிறதாம். இருவரும் இனி அங்கேதான்.

பக்_பாட்டி

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்களுடையது ஏழு கிலோ பக். அந்த மனைக்கு நாங்களும் வரலாமா? அவன் எல்லோரோடும் நட்பாக இருப்பான்.

ஈரமணல்

வேண்டாம் அம்மா. எடை நான்கு மடங்கு வித்தியாசப்படும்போது நல்ல குணமுள்ள நாயும் ஒரு மோதலில் முதுகெலும்பை முறித்துவிடும். சிறிய நாய் கீச்சிட்டு ஓடும்போது பெரிய நாய்க்கு விளையாட்டு மறந்து வேட்டை உணர்வு கிளம்பிவிடுவதும் உண்டு. கயிற்றில் வைத்துச் சேர்ந்து நடக்கலாம். அவிழ்த்து விளையாட அவன் எடைக்கு ஒத்த நாயாகத் தேடுங்கள்.

வேப்பேரி_மாணவி

பக்கின் கண்கள் வெளியே துருத்தியிருக்கும், ஒரு நகம் பட்டாலே போதும். பாட்டி, எங்கள் தெருவில் இரண்டு வயதான பக்குகள் இருக்கின்றன, மாலையில் நடக்க வருகின்றன. தனிச்செய்தியில் எழுதுங்கள்.